சரளைப் பாதையில் நான்கு முட்டை

அந்தக் காலத்தில் பறவையும் எருமையும் மனுஷரும் ஒரே பாஷைதான் பேசினார்கள். அதனால் எல்லோரும் அன்பாகப் பேசிக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வாய்ச்சண்டையும் அதே பாஷையில்தான் நடந்தது.

அப்போது ஒரு பெரிய ஏரி இருந்தது. அதைச் சுற்றி ஒரு பாதை. யாரும் போட்ட பாதை இல்லை. எருமை நடந்து, நாரை நடந்து, கோரை அறுக்கப் போகும் பெண்கள் நடந்து தானாக விழுந்த தடம். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. பிள்ளைத்தாய்ச்சி கூட மூச்சு வாங்காமல் ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். பாதைக்கு ஒரு பக்கம் சேறும் நாணலும் தண்ணீரும், மறுபக்கம் முள்ளுக்காடு.

அந்த முள்ளுக்காட்டில் ஒரு பறவை குடியிருந்தாள். நீண்ட மஞ்சள் கால், கறுப்பு மார்பு, கண்ணோரம் சிவப்பு. எந்நேரமும் கரையிலேயே திரிந்ததால் அவளைக் கரைக்காரி என்றார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். மற்றப் பறவைகளைப் போலவே சுள்ளி பொறுக்கிப் புதருக்குள் கூடு கட்டுவாள். ஆனால் அவள் குஞ்சுகள் வேறு மாதிரி. ஓடு உடைந்து ஈரம் காய்ந்ததுமே எழுந்து நடக்கும். ஊட்டினால் வாங்காது. பாதையைக் கடந்து சேற்றுக்குப் போய், தானே பூச்சி பொறுக்கித் தின்றால்தான் பிழைக்கும்.

இப்படி இருக்கும்போது, ஏரிக்காற்று உடம்புக்கு நல்லது என்று ஒரு சீமானுக்கு யாரோ சொல்லித் தொலைத்தார்கள். அவர் கரையோரம் ஒரு மாளிகை கட்டினார். வேனில் வந்தால் பல்லக்குப் பல்லக்காக விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். தின்றார்கள், தூங்கினார்கள். தின்றது செரிக்க வேண்டுமே! கால் நோகாத தட்டைப் பாதை, பக்கத்திலேயே தண்ணீர், வேடிக்கை பார்க்கப் பறவைகள். காலையும் மாலையும் நடை கிளம்பினார்கள்.

நடந்தவர்கள் சும்மா இருந்தார்களா? காலில் சேறு ஒட்டுகிறது என்றார்கள். எருமை எதிரே வந்து முறைக்கிறது என்றார்கள். மாளிகையின் மணியக்காரர் தில்லைநாயகம் உடனே இரண்டு காரியம் செய்தார். ஆற்றிலிருந்து சரளைக்கல் கொண்டுவந்து பாதை முழுக்கக் கொட்டினார். அதிலும் பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று, மண்நிறத்தில் கறுப்புப் புள்ளி விழுந்த கல்லாகவே தேடிப் பொறுக்கச் சொன்னார். அடுத்து, விருந்தாளிகளைத் தவிர வேறு யாரும் பாதையில் கால் வைக்கக் கூடாது என்று இரவும் பகலும் தடியோடு காவல் போட்டார்.

எருமைகள் முணுமுணுத்துக்கொண்டு வேறு துறை தேடின. கோரைப் பெண்கள் காட்டைச் சுற்றிக்கொண்டு மூன்று மடங்கு தூரம் நடந்தார்கள். கரைக்காரியின் நான்கு குஞ்சுகளும் பிறந்த அன்றே பாதையோரம் வந்து நின்றன. காவலாள் மூக்கையன் தடியைக் குறுக்கே நீட்டினான்.

"போ போ, விருந்தாளிங்க வர்ற நேரம்."

கரைக்காரி மணியக்காரரிடம் ஓடினாள். "ஐயா, குறுக்கே நாலு எட்டு வச்சா தண்ணி. அந்த நாலு எட்டுக்கு மட்டும் வழி விடுங்க."

"உன் குஞ்சுக்கு விட்டா நாளைக்கு எருமை வந்து நிக்கும். காட்டைச் சுத்திப் போகச் சொல்லு."

"பொறந்து ஒரு நாள் ஆன குஞ்சு காட்டைச் சுத்துமா ஐயா?"

"அது உன் பாடு" என்று அவர் வெற்றிலையை மடித்தார்.

மூன்று நாள் குஞ்சுகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றன. நான்காம் நாள் ஒன்றுதான் மிச்சம். அதுவும் சாயங்காலத்துக்குள் சுருண்டு விழுந்தது. தடியால் யாரும் அடிக்கவில்லை. அப்படியும் நான்கும் செத்தன. அந்த நான்கு எட்டை நினைத்து நினைத்துக் கரைக்காரியின் வயிறு எரிந்தது.

மாளிகைக் குளத்தில் மீன் பிடிக்க அனுமதி வாங்கி வைத்திருந்த கொக்கு ஆறுதல் சொல்ல வந்தது. "பெரிய இடத்தோட மல்லுக்கு நிக்க நம்மால ஆகுமா தங்கச்சி? வேற குளம் பாரேன்."

"நான் எதுக்குப் போகணும்? இது நான் பொறந்த கரை. வழியை மறிச்சவங்க போகட்டும்" என்றாள் கரைக்காரி. அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததைக் கொக்கு அன்றுதான் கேட்டது.

அந்த ஏரிக்கு ஒரு சத்தியம் உண்டு. ஏரி வெட்டிய நாளில் மனுஷரும் விலங்கும் பறவையும் தண்ணீரைக் கையிலும் வாயிலும் ஏந்திச் செய்த சத்தியம். அடுத்தவர் முட்டையைத் தொட்டவரும் மிதித்தவரும் அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. சீமானும் மாளிகை கட்டும்போது அதே தண்ணீரைக் கையில் ஏந்தித்தான் குடியேறினார். குஞ்சுக்கு அந்தச் சத்தியத்தில் இடமில்லை. முட்டைக்கு இருந்தது. ஒரு வருடம் முழுக்கக் கரைக்காரி இதையே மனசில் போட்டுப் புரட்டினாள்.

அடுத்த வேனிலில் அவள் சுள்ளி பொறுக்கவில்லை. விருந்தாளிகள் இன்னும் வரவில்லை என்ற தைரியத்தில் உச்சி வெயிலில் காவலாட்கள் மர நிழலில் கண்ணயர்ந்திருக்க, நடுப்பாதைக்கு நடந்துபோனாள். சரளைக்கல்லை மார்பால் ஒதுக்கிக் குழித்து ஒரு முட்டை இட்டாள். இப்படியே நான்கு முட்டை. விருந்தாளிகள் வந்து இறங்கிய காலையில், ஏரியின் அக்கரை வரை கேட்கும்படி தொண்டை கிழியக் கத்தினாள்.

"முட்டை இருக்கு! மிதிக்காதே! பாத்து நட!"

மணியக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதைக்குள் ஓடிவந்தார். "ஏய் கரைக்காரி, என்ன அழிச்சாட்டியம் இது? எங்க இருக்கு முட்டை?"

"பாதையில."

"பாதையிலதான், எங்க?"

"தேடுங்க. காலை மட்டும் பாத்து வைங்க."

அவர் குனிந்து பார்த்தார். மண்நிறம், கறுப்புப் புள்ளி. இந்தப் பக்கம் பார்த்தாலும் மண்நிறம், கறுப்புப் புள்ளி. எது கல், எது முட்டை? தான் தேடித் தேடிப் பொறுக்கிய கல்லே தன் கண்ணைக் கட்டிவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தூக்கிய ஒரு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றார். வைத்த தடத்திலேயே திரும்பக் கால் வைத்து வெளியே வர அவருக்கு அரைநாள் ஆயிற்று.

மறுநாளிலிருந்து காவலாட்கள் ஓரத்தில் நின்று அவள் எங்கே உட்காருகிறாள் என்று பார்த்தார்கள். அவளா சிக்குவாள்? பத்து இடத்தில் பொய்யாக உட்கார்ந்து எழுந்தாள். முட்டை இல்லாத பக்கம் ஓடிப்போய்ப் பெரிதாகக் கத்தினாள். கல் கொதிக்கும் மத்தியானத்தில் ஏரியில் இறங்கி வயிற்றை நனைத்து வந்து, யாரும் கவனிக்காத நேரம் முட்டைகளைக் குளிர்வித்தாள். தூக்கம் போயிற்று, உடம்பு பாதியாயிற்று. விருந்தாளிகள் மாளிகைக்குள் அடைபட்டுத் தின்றது செரிக்காமல் புரண்டார்கள்.

இருபத்தேழாம் நாள் சீமானே வந்தார். பல்லக்கில் உட்கார்ந்தபடி, "என் கால் தரையில் படப் போவதில்லையே, தூக்குங்களடா" என்றார்.

பல்லக்குக்காரர்கள் அசையவில்லை. "மிதிக்கப் போறது எங்க காலு சாமி. நாங்களும் இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோம்."

சீமான் மூக்கையனைப் பார்த்தார். "நீ முன்னால் நட."

மூக்கையன் தடியைக் கீழே போட்டான். "போன வருசம் இந்தத் தடியை நீட்டினவன் நான்தான் சாமி. அந்தக் குஞ்சுங்க நின்ன நிலை இன்னும் கண்ணுல நிக்குது. என்னால ஆகாது."

சீமானுக்கு முகம் சிவந்தது. இறங்கி வந்து தாமே காலைத் தூக்கினார். கரைக்காரி ஓடிவந்து இரண்டு சிறகையும் விரித்து அந்தக் காலுக்கு நேர் கீழே நின்றாள். அவர் கணுக்கால் உயரம்கூட இல்லாதவள் போலத் தெரிந்தாள். ஆனால் நகரவில்லை.

"வைங்க. உங்க மாளிகைக் கிணத்துல ஊறுறதும் இதே ஏரித் தண்ணிதான். நாளையிலருந்து எதைக் குடிப்பீங்க?"

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. பிறகு மெல்லப் பின்னால் போயிற்று. "தோட்டத்தில் இடம் தருகிறேன், தினம் தானியம் தருகிறேன், முட்டை இருக்கும் இடத்தை மட்டும் காட்டு" என்றார்.

"உங்க தானியம் எனக்கு எதுக்கு? பாதை பழையபடி பாதையா இருக்கணும். எருமைக்கு, கோரைக்காரிக்கு, என் குஞ்சுக்கு. உங்க விருந்தாளியும் நடக்கட்டும், வேணாம்னா சொன்னேன்? காவலை எடுங்க. குஞ்சு நடந்து போற வரைக்கும் இடத்தைக் காட்ட மாட்டேன்."

சீமான் திரும்பிப் பல்லக்கில் ஏறினார். "காவலை எடுங்கள்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எருமைகளும் கோரைப் பெண்களும் பாதையோரம் கூடி நிற்க, நான்கு கல் எழுந்து நடந்தது. மணியக்காரர் ஒற்றைக் காலில் நின்றாரே, அந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. நான்கு குஞ்சும் தட்டுத் தடுமாறி நான்கு எட்டு வைத்துச் சேற்றில் இறங்கின. பார்த்துக்கொண்டிருந்த கரைக்காரி வாய்விட்டு அழுதாள்.

கொக்கு வந்து, "அதான் ஜெயிச்சுட்டியே. இனிமே புதருக்குப் போயி நிழல்ல கூடு கட்டு" என்றது.

"இன்னைக்குத் திறந்தவங்க நாளைக்குச் சாத்த மாட்டாங்களா? நான் இங்கேயேதான் இருப்பேன்."

அன்று தொடங்கியதுதான். கரைக்காரிக்கு இப்போது ஆள்காட்டிக் குருவி என்று பேர். இன்றும் அவள் கூடு கட்டுவதில்லை. வெயில் கொதிக்கும் வெட்டவெளிச் சரளையில் முட்டையிடுகிறாள். சீமான் வந்தாலும் கத்துகிறாள், எருமை மேய்ப்பவன் வந்தாலும் கத்துகிறாள். ஏரிக்கரையில் நீங்கள் காலாற நடக்கும்போது தலைக்கு மேல் வந்து கத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று அவள் வாயை மூடியிருந்தால் அந்தப் பாதையில் நீங்கள் கால் வைத்திருக்கவே முடியாது.