மறுநாளே இறங்கிய கூம்பு

கடலும் ஆறும் எல்லைத் தகராறு செய்துகொண்டிருந்த ஒரு முகத்துவாரத்தில், முன்னொரு சமயம், மணல் ஒருத்தி தளர்வாகப் படுத்திருந்தாள். அவள்மேல் பாலம் வரவிருந்தது. இறுகினால் பாலத்தைத் தாங்கலாம். இறுகாவிட்டால் அவளைத் தோண்டி அள்ளிக் கடலில் கொட்டிவிடுவார்கள்.

இறுக்குவதற்கு வெடியை அழைத்தார்கள். அவன் நிலத்துக்குள் இறங்கி ஒரு குலுக்குக் குலுக்கினான். மணல்மணிகளுக்கிடையே குடியிருந்த தண்ணீர் பொங்கி வெளியேறியது. தரை ஒரு சாண் தாழ்ந்தது.

வெடிக்கு முன்பே ஒருமுறை இறங்கிப் பார்த்திருந்த இரும்புக் கூம்பு, மறுநாளே சோதிக்க வந்தான். மண்ணுக்குள் அமுக்கினால், அது எவ்வளவு எதிர்க்கிறது என்று சொல்வது அவன் வேலை. பொய்யே சொன்னதில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"என்ன மணலக்கா, முன்னைவிட லேசாக வழிவிடுகிறீர்களே?"

"நேத்துதானே தம்பி அடி வாங்கினேன்? மணிங்க இப்பத்தான் கிட்டக்கிட்ட வந்திருக்கு. ஒண்ணையொண்ணு பிடிச்சுக்க நாளாகும். கொஞ்சம் பொறுத்து வாயேன்."

"எதிர்த்தீர்களா, இல்லையா? எனக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்."

"தரை தாழ்ந்திருக்கே, அதைப் பார்க்கலியா?"

"அது என் இலாகா இல்லை."

மேலே போய், "முன்னைவிட பலவீனம்" என்றான். அது உண்மைதான்.

"மறுபடியும் நானா!" என்று வாயெல்லாம் பல்லாக வந்து இன்னொரு குலுக்குக் குலுக்கினான் வெடி. மறுநாள் மறுபடியும் இறங்கினான் கூம்பு.

"அக்கா, இப்போதும் பிடிப்பு இல்லையே?"

"பிடிச்ச கையைப் பிரிச்சு விட்டுட்டு, ஏன் பிடிக்கலேன்னு கேட்கிறியா? நல்லாருக்குடா."

கூம்புக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்? சொன்னான். தோண்டிவிடுவது என்று முடிவாயிற்று.

ஆனால் அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது. வெள்ளம் வடியும்வரை மணலை யாரும் தொடவில்லை. வடிந்ததும் பொக்லைன் வந்து அள்ளத் தொடங்கினான். "என்னப்பா இது, பல்லையே பிடுங்குது!" என்று முனகிக்கொண்டேதான் அள்ளினான். அவன் அளவுக் கருவி அல்லவே, யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

ஒரு மூலை மட்டும் மிச்சமிருந்தபோது, எந்த ஆழம்வரை தோண்டுவது என்று பார்க்கக் கூம்பை அங்கே அமுக்கினார்கள். ஒரு முழ ஆழம்கூட அவனால் போக முடியவில்லை. மூச்சு முட்ட நின்றான். பக்கத்தில் பெரும் பள்ளம். அதற்கப்பால், கொட்டிய மணலை அலை இழுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா... எப்போது இப்படி இறுகினீர்கள்?"

மிச்சமிருந்த மணல் சொன்னாள்: "நீ வராத நாளுல, தம்பி."