கண்ணாடி மூடிக்குள் ஒரு தலையணை உறை

"இந்த மெஷின் முந்திரியை மட்டும்தான் கெடாம வச்சிருக்குமா, வாத்தியாரம்மா?" என்று கேட்டார் தணிகாசலம்.

அற்புதமேரி திரும்பிப் பார்த்தாள்.

அவளைவிட இருபது வயது மூத்தவர். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மனைவி செங்கமலம் இறந்த பிறகு வீட்டில் இருக்க முடியாமல், பண்ருட்டிப் பக்கம் இந்த முந்திரிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மெஷினைச் சொல்லிக்கொடுத்தது அவள். அதனால் வாத்தியாரம்மா.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். ஜன்னல் வெயிலில் முந்திரித் தோலின் தூசி, இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டிருந்தது.

"வேற என்னத்த வைக்கணும் ஐயா?"

சட்டைக்குள்ளிருந்து ஒரு தலையணை உறையை எடுத்தார்.

"செங்கமலத்தோடது. அவ தலை வாசம் இன்னும் இருக்கு. ஆனா நாளுக்கு நாள் குறையுது. முந்திரிப் பாக்கெட்டு மாதிரி நைட்ரஜன் அடிச்சு ஒட்டிட்டா அப்படியே நிக்கும்ல?"

மெஷினிலிருந்து உப்பி வரும் பாக்கெட்டுகள் குட்டித் தலையணைகள் மாதிரி இருக்கும். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்திருந்தது.

அவள் சிரிக்கவில்லை. உறையை வாங்கி, பெரிய பை ஒன்றில் போட்டு மெஷினுக்குள் வைத்தாள். கண்ணாடி மூடியை இறக்கி, பட்டன் மேல் விரலை வைத்தாள்.

"முதல்ல என்ன நடக்கும்? சொல்லிக் குடுத்தேனே."

"உள்ள இருக்கிற காத்தையெல்லாம் உறிஞ்சிடும்."

"அப்புறம்?"

"நைட்ரஜன் நிரம்பும்."

"நைட்ரஜனுக்கு வாசம் உண்டா?"

தணிகாசலம் கண்ணாடி மேல் குனிந்தார்.

"துணியில ஒட்டினது கொஞ்சம் நிக்கும் ஐயா. பையைப் பிரிக்காத வரைக்கும் நிக்கும்."

"பிரிச்சா?"

"காத்து பட்டுடும்."

"பிரிக்காமலே வச்சிக்கிறேன்."

"சரி. உள்ள அவங்க வாசம் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சிக்குவீங்க?"

கண்ணாடிக்கு அடியில் உறை வெள்ளையாகக் கிடந்தது. ஏதோ குளத்தின் அடியில் கிடப்பதுபோல வெகு தூரத்தில் தெரிந்தது. கையை நீட்டினார். விரல் கண்ணாடியில் இடித்தது.

அற்புதமேரி பட்டனிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்களே அழுத்துங்க."

பட்டன் வரை விரலைக் கொண்டுபோனார். பிறகு மூடியைத் தூக்கினார். பையிலிருந்து உறையை உருவி முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்தார். சீயக்காய், நல்லெண்ணெய், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஈரத் தலையைத் துவட்டியபடி செங்கமலம் ஏதோ சொல்லிச் சிரித்தது.

இழுத்த மூச்சை விடவில்லை.

கழுத்து நரம்பு புடைத்தது. கண் சிவந்தது. அப்போதும் விடவில்லை.

அற்புதமேரி அவர் முதுகில் கை வைத்தாள்.

"விடுங்க ஐயா."

விட்டார்.

அடுத்த மூச்சு தானாக வந்தது.