மாமனார் கேட்ட சத்தம்

ஓய்வுபெற்ற ஏட்டு சிங்கமுத்துவின் பழைய மோட்டார் சைக்கிளை மருமகள் மரகதவல்லி வீட்டு முற்றத்திலேயே அக்கக்காகப் பிரித்து, பிஸ்டன் மாற்றி, கார்பரேட்டரைச் சுத்தம் செய்து பூட்டினாள். ஒரே உதையில் கிளம்பியது.

சிங்கமுத்து மீசையை முறுக்கினார். "என் கல்யாணத்தன்னிக்கு வந்த சத்தம் இது இல்லை. அதே சத்தம் வரணும். இல்லேன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

மரகதவல்லி மாமியாரிடம் திரும்பினாள். "அன்னைக்கு எப்படிச் சத்தம் வந்துச்சு, அத்தை?"

"ஏது சத்தம்? வண்டி கிளம்பவே இல்லை. இவரு மாலையோட உட்கார்ந்திருந்தாரு. பட்டுச்சேலையோட நான்தான் வீடு வரைக்கும் தள்ளினேன்."

மரகதவல்லி இன்ஜினை அணைத்தாள். "இப்ப அதே சத்தம் வந்திருச்சு, மாமா. அத்தை ஏறிக்கட்டும். இந்தத் தடவை நீங்க தள்ளுங்க."

சிங்கமுத்து மனைவியைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்தச் சத்தமானாலும் சரி, ஸ்டார்ட் பண்ணும்மா," என்றார்.