கொட்டாங்குச்சி ஊத்து

ஒரு ஊர்ல ஒரு ஊத்து. ஊருன்னா கடலோரம், மொத்தமே முப்பது வீடு. கிணறு கிடையாது, குழாய் கிடையாது. மணல்ல முழங்கை ஆழம் பறிச்சா நல்ல தண்ணி கசியும். அதைக் கொட்டாங்குச்சியால மோந்து மோந்து, முறை வச்சுக் குடம் நிரப்புவாங்க. மண்வெட்டி அந்தப் பக்கமே வரக்கூடாது. ம் கொட்டுடி, அதுக்குள்ள தூங்கிட்டியா? சரி.

அந்த ஊர்ல அருளாயின்னு ஒருத்தி, அவசரக்காரி. அப்போ அவ மக பிரகாசிக்குப் புள்ள பொறந்து பத்து நாள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணி வேணும், புள்ளையைக் குளிப்பாட்டணும். கோடை வேற, ஊத்து சொட்டு சொட்டாத்தான் கசியுது, முறை வரச் சாயங்காலம் ஆயிடும். அருளாயிக்குப் பொறுக்கலை. எல்லாரும் கருவாடு காய வைக்கப் போன நேரமாப் பாத்து மண்வெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா.

ஊத்துக்குப் பக்கத்துலயே சரக் சரக்னு முழங்கால் ஆழம் வெட்டினா. தண்ணி இனிச்சுது. அப்புறம் இடுப்பளவு வெட்டினா, இன்னும் நிறைய வந்துச்சு. அப்பவும் ஆசை விடலை, கழுத்தளவு வெட்டினா. குபுகுபுன்னு பொங்குச்சு. அள்ளி வாயில ஊத்தினா, த்தூ, ஒரே உப்பு. மேல கிடந்தது மழைத்தண்ணி, அடியில கிடக்கிறது கடல் இல்லையா? ஊரே மோந்து குடிச்ச அந்த ஊத்தும் சேந்து கரிச்சுப் போச்சு.

யாரும் பாக்கலை. பேசாம வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனா முப்பது வீட்டுக் குடமும் காலி, அவ மக குடமும் காலி. கருவாட்டுக் களத்துல போய் நின்னு, "நான்தான் வெட்டினேன்"னு சொல்லிட்டா.

"உனக்குக் கூறு இருக்கா?"ன்னு கேட்டா பக்கத்து வீட்டு சவேரி. அப்புறம் சவேரியே ஒரு கூடையை எடுத்து அருளாயி கையில கொடுத்தா. "வா, குழியை மூடுவோம்"னா.

ஊரே மண் சுமந்துச்சு. அப்புறம் வேற இடம் தேடிக் கையாலயே பறிச்சாங்க. முதல் இடம் உப்பு. ரெண்டாவதும் உப்பு. மூணாவதா மணல்மேட்டு ஓரம் பறிச்சாங்க, சவேரி நாக்குல வச்சுப் பாத்தா, சிரிச்சுட்டா. முதல் கொட்டாங்குச்சித் தண்ணியை அருளாயிகிட்ட நீட்டி, "புள்ள பெத்தவளுக்குக் கொண்டு போ, எங்க முறை அப்புறம்"னா. அருளாயி அழுதுட்டா.

அன்னையிலிருந்து அந்த ஊத்துக்குக் காவல் யாருங்கிற? அருளாயிதான். ஒருநாள் தண்ணி லாரிக்காரன் ஒருத்தன் உறிஞ்சி எடுக்க மோட்டாரைக் கொண்டு வந்தான். அவ கொட்டாங்குச்சியை நீட்டி, "இதால மோந்துக்க, உன் முறை முப்பத்தொண்ணாவது"ன்னா. வந்த வழியே போயிட்டான்.

அப்புறம் எத்தனையோ கோடை வந்துச்சு, ஊத்து ஒருநாளும் வத்தலை. நம்ம ஊரு அப்படிப்பட்ட ஊருடி. படுக்க வர்றப்போ மடக் மடக்னு குடிச்சியே, அந்தத் தண்ணிதான். கதை கரையேறிடுச்சு, நீ கண்ணை மூடு.