மெழுகு உடையாத மூடி

ஒரு கடற்கரை ஊர்க் கல்லூரியின் வேதியியல் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அதில் சல்ஃபைடுகள் குடியிருந்தன. உலோகமும் கந்தகமும் சேர்ந்து பிறந்த ஒரே குடும்பம்தான். ஆனால் கீழ்த்தட்டுக்காரனைச் சொந்தம் என்று சொல்ல மேல்தட்டில் யாருக்கும் வாய் வராது.

மேல்தட்டின் நடுவில் ஜெர்மானியம் சல்ஃபைடு. வெள்ளை வெளேரென்று இருப்பார். வெளிநாட்டிலிருந்து வந்தவர், கேமராக் கண்ணாடி செய்ய உதவும் வம்சம். கீழ்மூலையில் இரும்பு சல்ஃபைடு, கன்னங்கறுப்பு. அமிலம் பட்டால் அழுகின முட்டை நாற்றத்தோடு விஷவாயு விடுவான். அதை அவன் ஒருநாளும் மறைத்ததில்லை. செய்முறைத் தேர்வுக்கு அந்த வாயு வேண்டும் என்பதால்தான் அவனை வைத்தே இருந்தார்கள்.

ஸ்டோர் கீப்பர் அமலதாசுக்கு ஒரு பழக்கம். இரும்பை எடுத்தால், திரும்ப வைக்கும்போது மூடியை முறுக்கோ முறுக்கென்று முறுக்கி, மேலே மெழுகும் ஊற்றிவிடுவார். அவன்மேல் அவ்வளவு சந்தேகம். ஜெர்மானியத்தையோ வருகிற விருந்தாளிக்கெல்லாம் திறந்து காட்டுவார், பிறகு மூடியைச் சும்மா மேலே வைப்பார். பெரிய மனிதரைப் போய் யார் முறுக்குவது?

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரம், அலமாரிக்குள் நாற்றம் கிளம்பியது. எல்லாரும் கீழ்மூலையைப் பார்த்தார்கள்.

பஞ்சாயத்து கூடியது. மஞ்சள் பளபளக்கும் காட்மியம் சல்ஃபைடு தலைமை. எதிர் அலமாரி அமிலம் சாட்சி சொன்னது. ஒருமுறை தன் துளி ஜெர்மானியம் ஐயாமேல் சிந்தியதாம், அவர் அசையவே இல்லையாம். இரும்புமேல் சிந்தியபோது கூடமே நாறியதாம். சாட்சி சுத்த சத்தியம். ஆனால் இந்த வாரம் அமிலம் சிந்தவே இல்லையே என்று கேட்க ஒரு நாதியும் இல்லை. ஜெர்மானியத்துக்கு ஆகாதது அமிலமல்ல, ஈரம். ஈரக்காற்று பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அதே வாயுவை விடுவார். அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

இரும்பு கெஞ்சினான். "என் மூடியப் பாருங்கய்யா. மெழுகு உடையல. இதுக்குள்ளேருந்து நாத்தம் எப்படி வெளிய வரும்?"

பிறப்பே நாற்றம், இதில் மூடி என்ன மூடி என்றது காட்மியம்.

இரும்பு நிமிர்ந்து மேல்தட்டைப் பார்த்தான். ஐயா ஒரு வார்த்தை உண்மை சொன்னால் போதும் என்றான். இத்தனை வருஷம் உழைத்த இடத்தை விட்டுப் போக அவனுக்கு மனசே இல்லை.

ஜெர்மானியம் தொண்டையைச் செருமினார். "குடும்ப கௌரவம்னு ஒண்ணு இருக்கு தம்பி. நீ போறதுதான் எல்லாருக்கும் நல்லது."

முதல் தடவையாக அவனைத் தம்பி என்று கூப்பிட்டார், கழுத்தறுக்கிற நேரத்தில்.

அமலதாசின் மூக்கும் அதே தீர்ப்பைத்தான் சொன்னது. கழிவு லாரியில் போட இரும்பைத் தூக்கினார். போகிற போக்கில் அவன் ஒன்றே ஒன்று சொன்னான். "மேல்தட்டு மூடிய இறுக்கச் சொல்லுங்க. மனுஷன் உயிர் போயிரும்." அலமாரியே சிரித்தது.

மழை நிற்கவில்லை. வாயுவும் நிற்கவில்லை. அந்த வாயுவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அளவு கூடினால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும். மூன்றாம் நாள் யாருக்கும் வாடையே தெரியவில்லை. பார்த்தீர்களா, அவன் போனதும் சுத்தமாகிவிட்டது என்று காட்மியம் நன்றித் தீர்மானம் போட்டது. ஜெர்மானியம் அடக்கமாக ஏற்றுக்கொண்டார்.

திங்கட்கிழமை தூசி தட்ட வந்த அமலதாஸ், கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். கண் எரிந்தது, தலை சுற்றியது, பொத்தென்று விழுந்தார். எப்படியோ தவழ்ந்து வராந்தாவுக்கு வந்து மூச்சு வாங்கினார். ஓடிவந்த வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தார். பிழைத்தது பெரும்பாடு.

"அந்தக் கறுப்புப்பய போயும் வெசத்த விட்டுட்டுப் போயிருக்கான் பாரு" என்றார் அமலதாஸ்.

ஜன்னலைத் திறந்து கூடத்தைக் காற்றாடவிட்டு, மறுபடி உள்ளே போனார். கீழ்மூலையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு ஜெர்மானியத்தைப் பூப்போல எடுத்துத் துடைத்து, நடுவில் வைத்து, மூடியை எப்போதும்போலச் சும்மா மேலே வைத்தார்.