வெந்த படியில் நீர் வார்த்த நாஞ்சாரம்மா

பெஜவாடா என்கிற விஜயவாடாவின் வெயிலைப் பட்டவர்தான் அறிவார். சுற்றிலும் மலைகள் நின்று சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். ரயிலும் கால்வாயும் சினிமாக் கொட்டகையுமாக எந்நேரமும் இரையும் ஊர். விழுந்தவரைக் குனிந்து பார்க்க அதற்கு நேரம் கிடையாது. அங்கே, கிருஷ்ணா ஆற்றின் குறுக்கே புது அணை எழும்பிய வருஷங்களில், ஜல்லி உடைத்து வயிறு கழுவியவர் நாஞ்சாரம்மா. புருஷனைக் கல்குவாரி வெடி கொண்டுபோயிற்று.

துர்க்கையம்மன் இருக்கும் மலையே ஓர் அடியார்தான் என்பார்கள். அம்மன் தன்மேல் வந்து அமர வேண்டும் என்று தவம் கிடந்த கீலன் மலையாகிப் போனானாம். மதியம் மற்றவர்கள் கஞ்சி குடித்து நிழலில் சாயும்போது, நாஞ்சாரம்மா ஆற்றில் மண்குடத்தால் நீர் மொண்டு அந்த மலைப்படிகளில் ஊற்றுவார். செருப்பில்லாமல் ஏறும் கால்கள் வேகக்கூடாது. அவ்வளவுதான் அவர் பூஜை. சந்நிதிவரை போனதே இல்லை. குடம் காலியானதும் அடுத்த குடத்துக்கு இறங்கிவிடுவார்.

அந்த ஊர்ப் பெண்களுக்குப் படிப்பூஜை என்றொரு வேண்டுதல் உண்டு. அடியிலிருந்து உச்சிவரை ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தபடி ஏறுவார்கள். ஒரு சித்திரை வெள்ளியன்று, கொட்டகை முதலாளியின் மனைவி ரத்னமாணிக்யம் வைத்த குங்குமத்தின்மேல் நாஞ்சாரம்மா ஊற்றிய நீர் ஓடி இறங்கியது.

“ஏண்டி, உன் நெத்தியிலதான் இல்ல. என் குங்குமத்தையும் கழுவ வந்தியா?”

“காலு வேகுது அம்மகாரு. கைக்குழந்தையோட ஏறுறாங்க…”

“வெந்தா வேகட்டும். வேண்டுதல்னா சும்மாவா?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ரத்னமாணிக்யம் குடத்தைக் காலால் எத்தினாள். உருண்டு விழுந்து உடைந்தது. யார் காலிலும் குத்திவிடக் கூடாதே என்று நாஞ்சாரம்மா ஓடுகளைப் பொறுக்கினார்.

வேறு குடம் வாங்க வழியில்லை. மறுநாள் முந்தானையை ஆற்றில் நனைத்து வந்து பிழிந்தார். ஒரு படிக்குக்கூடப் போதவில்லை.

“தாயே, நான் வேண்டாம்னா நீ சொல்லு, போயிடறேன். இவங்க சொல்லிப் போகமாட்டேன்” என்றார்.

நாலாம் நாள், அம்மனின் அலங்காரம் களைந்த அர்ச்சகர் அலறியபடி வெளியே வந்தார். அம்மன் பாதத்தில் பூசியிருந்த மஞ்சள் காப்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

“நம்மகூட அம்மாவும் வெறுங்காலோட படியேறியிருக்கா! தண்ணி ஊத்துற அம்மா எங்கே?”

ஊரே ஜல்லிக் குவியலுக்கு ஓடியது. ரத்னமாணிக்யம் பித்தளைக் குடத்தோடு வந்து காலில் விழுந்தாள். நாஞ்சாரம்மா சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை.

“அம்மா காலு வெந்ததும் ஓடி வர்றீங்க. எங்க காலு இத்தனை வருஷமா வேகுதே, அம்மகாரு.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த நாஞ்சாரம்மா, குடத்தை வாங்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார்.

படி கட்டிக்கொடுத்தவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. நாஞ்சாரம்மாவின் பெயர் எங்கும் இல்லை. மிதிபடக் கிடந்த கீலனுக்கு அடுத்து அம்மன் அறிந்த அடியார் அவரே. வெந்த அந்தப் பாதங்களுக்கு நம் வணக்கம்.