ஐம்பத்தஞ்சு இஞ்ச் பவுன்ராஜ்

கோவில்பட்டியில எங்க தெரு சலூன்காரர் வெயிலுமுத்து, கடையில நாற்பத்திமூணு இஞ்ச் டிவி ஒண்ணு மாட்டியிருக்கார். கிரிக்கெட் இருக்கிற நாள்ல வழுக்கைத் தலைக்காரன்கூட அங்கதான் கிடப்பான். அதே தெருவுல இருக்கிற பவுன்ராஜுக்கு அது பொறுக்கலை. அதே கம்பெனி, அதே மாடல்ல ஐம்பத்தஞ்சு இஞ்ச் வாங்கிப்போட்டார். ஒரு வாரம் கழிச்சு சலூனுக்கு வந்தார், முடி வெட்ட இல்ல.

"ஏ வெயிலு, இது டிவியாடே? தபால்தலை!"

மினிபஸ் ஓட்டுற லாசர் முகம் நிறைய நுரையோட திரும்பினான். "ரெண்டுலயும் பிக்சல்ங்கிற புள்ளி ஒரே எண்ணிக்கைதானாம் அண்ணாச்சி, கடைக்காரன் சொன்னான். சின்னதுலதான் நெருக்கமா, தெளிவா தெரியுமாம்."

"நெருக்கம்னா உன் பஸ் மாதிரி. ஒருத்தன் மேல ஒருத்தன் நிக்கான். என் டிவியில ஒவ்வொரு புள்ளியும் காலை நீட்டிப் படுத்திருக்கு. நேத்து அம்பயர் கையைத் தூக்கினார் பாரு, அவர் வாட்ச்சைப் பாத்து எங்க வீட்டுக் கடிகாரத்தைத் திருத்திட்டேன்."

"மேட்ச் ஆஸ்திரேலியாவுலல்லா நடந்துச்சு?"

"அதான் எங்க வீட்ல மத்தியானமே ராச்சாப்பாடு! இதைக் கேளு. சமையல் நிகழ்ச்சியில ஒரு அம்மா சாம்பார் வச்சா. நிறத்தைப் பாத்ததுமே உப்பு கம்மின்னுட்டேன். என் வீட்டுக்காரி ஒரு கல்லு உப்பை எடுத்து டிவியைப் பாத்து வீசினா. அந்த அம்மா ருசி பாத்துட்டு, 'இப்பச் சரியா இருக்கு'ன்னுட்டா."

வெயிலுமுத்து கத்தியை நிறுத்தினார். "அது முன்னாடியே ரெக்கார்ட் பண்ணினதுல்லா அண்ணாச்சி?"

"அது உப்புக்குத் தெரியுமாடே? அன்னைக்கு மழையில ஆட்டம் நின்னுச்சே, எங்க ஹால்ல கணுக்கால் தண்ணி. மைதானத்து ஆளுக தார்ப்பாயை இழுத்துட்டு ஓடி வந்தாங்க. எங்க சோபாவையும் சேத்து மூடிட்டுத்தான் போனாங்க."

சலூனே சிரிச்சுது. வெயிலுமுத்து மட்டும் சிரிக்கலை. ஞாயித்துக்கிழமை ஃபைனல். கூட்டம் பவுன்ராஜ் வீட்டுக்குப் போயிட்டா கடை காத்தாடும். அவர் பயந்த மாதிரியே லாசர் கேட்டுட்டான்.

"அப்ப ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் உங்க வீட்டுக்கே வாரோம் அண்ணாச்சி!"

பவுன்ராஜ் திருதிருன்னு முழிச்சார். விருந்தாளின்னாலே அவர் வீட்டுக்காரிக்கு ஆகாது. உடனே அடுத்ததை ஆரம்பிச்சார்.

"தாராளமா வரலாம்டே. ஆனா இடமில்லையே! படம் அம்புட்டு நிஜமா இருக்கா, அரையிறுதி முடிஞ்சதும் கேலரியில இருந்த சனம் வாசல்னு நினைச்சு எங்க ஹாலுக்குள்ள இறங்கிட்டு. இருபதாயிரம் பேரு! ஒருத்தனும் இன்னும் கிளம்பலை. நானே வெளிய நின்னு சன்னல் வழியாத்தான் பாக்கேன்."

வெயிலுமுத்து நிம்மதியா லாசரோட தாடையைத் திருப்பிக் கத்தியை வச்சார்.

"அப்ப நீங்களும் ஞாயித்துக்கிழமை இங்க வந்திருங்க அண்ணாச்சி. நம்ம நாற்பத்திமூணு, கேலரி ஆளுகளை உள்ளேயே வச்சிருக்கு."